முப்பத்தொன்றாம் எண்

சென்னை
10 ஜூலை 2025

அன்புள்ள ராமுத்தாய் அக்காவுக்கு,

உங்களுக்குத் திரும்பி வரும் காலிப் பெட்டியின் மூடிக்குள் இந்தக் கடிதத்தை வைக்கச் சொல்லி ஜெபாவிடம் கொடுத்திருக்கிறேன். இங்கே ஆய்வகத்தில் உங்கள் ஐஸ் பெட்டியைத் திறப்பது அவர்தான். புராஜெக்ட் போனில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள். உங்கள் சொந்த போனில் கூப்பிட்டால் எனக்கு 'ம்' தவிர வேறு வார்த்தை வராது. காமயகவுண்டன்பட்டியில் இருபது வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். நான் உங்களிடம் பேசியது அத்தனையும் சேர்த்தால் இந்த ஒரு கடிதம் அளவுக்கு வருமா என்பது சந்தேகம்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் நாற்பது பெண்களிடம் சிறு குழாயில் மலம் வாங்கி அனுப்புகிறீர்கள். தோட்டத்தில் அடிக்கும் மருந்தால் அவர்கள் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாறுகின்றனவா என்று பார்ப்பதுதான் நம் வேலை. குழாய் இயந்திரத்துக்குள் போய் எண்களாக வெளியே வரும்போதுதான் அது என் மேசைக்கு வரும். யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. எனக்கு அவர்கள் ஒன்றிலிருந்து நாற்பது வரை.

மே மாதத்துச் சுற்றில், வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வாரத்தில், பதினைந்து பேரின் நுண்ணுயிர்கள் திடீரென்று ஒன்றுபோல ஆகிவிட்டன. ஒரே சட்டியில் சாப்பிட்டு ஒரே வீட்டில் படுத்தவர்கள்கூட இவ்வளவு ஒத்துப்போக மாட்டார்கள். அடுத்த சுற்றில் பழையபடி பிரிந்துவிட்டார்கள். நான்கு முறை கணக்கைத் திரும்பப் போட்டேன். ஒரு கிராமமே விரதம் இருந்து குடலை மாற்றிக்கொண்டு, பிறகு திரும்பியிருக்கிறது! இப்படி ஒன்றை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அந்த நாட்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். செப்டம்பர் பதினெட்டாம் தேதி எனக்குத் தேர்வுக் குழு இருக்கிறது. தேறினால் மூன்று வருடம் எனக்கென்று தனி ஆய்வு கிடைக்கும். இல்லாவிட்டால் டிசம்பரோடு என் வேலை முடிகிறது.

அன்புடன்,
பெனிஷா


காமயகவுண்டன்பட்டி
17 ஜூலை 2025

பெனிஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாயில் வராததெல்லாம் உனக்குக் கையில் வருகிறது. நல்லதுதான்.

சாப்பாடு கேட்டாய். காப்பு கட்டியவர்கள் ஒருவேளைச் சாப்பாடு. கூழ், மோர், பானகம். கவிச்சி கிடையாது. அவ்வளவுதான். இதில் ஆராய ஒன்றுமில்லை.

சென்ற முறை பெட்டியைக் கம்பத்தில் பஸ் ஏற்றப் போனேன். டிரைவர் சுருளிராஜன் கேட்கிறார், "என்னக்கா, வாராவாரம் ஐஸு போட்டு அனுப்புறீக, மீனா?" நான் சொன்னேன், "ஆமா, நெய்மீனு. பிரிச்சு ரெண்டு துண்டு எடுத்துக்க." பக்கத்தில் நின்ற சொர்ணலதா சிரித்த சிரிப்பில் கிளீனருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதிலிருந்து பெட்டியைக் காலால்தான் தள்ளுகிறான். சொர்ணலதாவும் நம் நாற்பதில் ஒருத்தி. "எங்க வயித்துல அப்படி என்னடி ஆத்தா இருக்கு, மெட்ராசு வரைக்கும் அனுப்புறதுக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் குழாயைத் தருவாள்.

நான் சொல்வதைக் கேள். அந்தத் திருவிழா வாரத்தை விட்டுவிடு. ஊரே அலங்கோலமாக இருந்த வாரம். மற்ற சுற்றுகளை வைத்துப் பெரிய ஆளாகக் கூடாதா? ஒரு வாரத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறாய்?

உன் அம்மா நலம். தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டுகிறார்கள்.

ராமுத்தாய்


சென்னை
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

விட முடியாது. எங்கள் துறைத்தலைவர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் என் மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

என் வேலை என்ன என்று ஒரு முறை கேட்டீர்கள். அப்போது சிரித்து மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். இயந்திரம் குடலில் எந்த நுண்ணுயிர் மொத்தம் எவ்வளவு என்று சொல்லாது. நூற்றுக்கு எத்தனை என்று மட்டும் சொல்லும். கூடையில் காய் கூடினால், பழம் ஒன்றுகூடக் குறையாமலே அதன் பங்கு குறைந்ததாகத் தெரியும். அந்தப் பொய்த் தோற்றத்தில் ஏமாறாமல் இருக்க வழி கண்டுபிடிப்பதுதான் நான் இத்தனை நாள் செய்தது. மூன்று கட்டுரைகள் திரும்பி வந்தன, நான்காவது அச்சேறியது. ஆனாலும் இங்கே கூட்டங்களில் நான் கதவோரம்தான் உட்காருவேன். பேச எழுந்தால் ஆங்கிலத்தில் முதல் வார்த்தை வருவதற்குள் வேறொருவர் பேசி முடித்துவிடுவார்.

இப்போது புதிதாக ஒன்று செய்திருக்கிறேன். மலத்தில் நுண்ணுயிர்களோடு அந்த மனிதரின் மரபணுத் துணுக்குகளும் கொஞ்சம் இருக்கும். எல்லோரும் அதைக் குப்பை என்று தள்ளிவிடுவார்கள். நான் அதை எடுத்து, ஒரே எண்ணுள்ள குழாய்கள் எல்லாச் சுற்றிலும் ஒரே ஆளுடையதுதானா என்று சோதிக்கும் ஒரு முறையை எழுதியிருக்கிறேன். குழாய் மாறிப்போகும் தவறுகளைப் பிடிக்கலாம். மொத்தம் ஏழு ஊர்களிலிருந்து பெட்டி வருகிறது. இந்த முறையை முதலில் உங்கள் பெட்டியில் போட்டுப் பார்க்கப்போகிறேன். லேபிள் கோணாமல், தேதியில் அடித்தல் திருத்தல் இல்லாமல் வருவது உங்களுடையது மட்டும்தான். சுத்தமான தரவு எப்படி இருக்கும் என்று குழுவுக்குக் காட்ட எனக்கு வேறு ஊர் இல்லை.

பெனிஷா


சென்னை
28 ஆகஸ்ட் 2025

ராமுத்தாய் அக்காவுக்கு,

இரண்டு பெட்டிகள் வந்தன. மூடிக்குள் ஒன்றுமில்லை. ஜெபா இரண்டாவது முறை ஐஸ் பைகளை எல்லாம் எடுத்துத் தேடிப் பார்த்தார்.

நீங்கள் ஏன் எழுதவில்லை என்று எனக்குச் செவ்வாய்க்கிழமை தெரிந்துவிட்டது. திருவிழாச் சுற்றில் ஒன்றுபோல இருந்த பதினைந்து குழாய்களும் ஒரே ஆளுடையவை. முப்பத்தொன்றாம் எண். மற்ற பதினான்கு பேரின் குழாய்களில் அவர்கள் இல்லை.

முதலில் என் கணக்கில்தான் பிழை என்று நினைத்தேன். மூன்று நாள் வரி வரியாகப் பார்த்தேன். பிழை இருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். என் முறை சரியாகத்தான் வேலை செய்கிறது.

துறைத்தலைவர் இதற்குள் நான்கு பேருக்கு அந்த வரைபடத்தை அனுப்பிவிட்டார். என்னிடம் நீங்கள் அன்றே சொல்லியிருக்கலாம். 'விட்டுவிடு' என்று எழுதினீர்களே தவிர, ஏன் என்று எழுதவில்லை. உங்கள் கையெழுத்து நேராக இருப்பதைப் பார்த்து எல்லாம் நேராக இருக்கிறது என்று நம்பியிருக்கிறேன்.

யார் அந்த முப்பத்தொன்று?

பெனிஷா


காமயகவுண்டன்பட்டி
4 செப்டம்பர் 2025

பெனிஷாவுக்கு,

காப்பு கட்டியவள் மலத்தை டப்பாவில் பிடித்து வீட்டில் வைப்பாளா? கேட்டதற்கே சொர்ணலதா காதைப் பொத்திக்கொண்டாள். "அக்கினிச்சட்டி எடுக்கப்போற கையிடி இது. பேச்சுக்குக்கூட கேக்காத" என்றாள். பதினான்கு பேர் அப்படி. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் அட்டவணை போட்டவர்களுக்குச் சித்திரை மாதம் என்று ஒன்று இருப்பது தெரியாது. நீ அந்த ஆபீசில்தான் இருக்கிறாய். நீயாவது சொல்லியிருக்கலாம்.

கள அதிகாரிக்குப் போன் செய்தேன். "முப்பத்தெட்டுக்குக் கீழ போனா அந்த ஊரையே எடுத்துருவாக. எப்படியாவது முடிங்க" என்றார். இருபத்தாறு குழாயை வைத்துக்கொண்டு, பதினான்கு காலிக் குழாயோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது முப்பத்தொன்று வந்தது.

எந்த எண் யாருடையது என்று சொல்லக்கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் உனக்குச் சொல்லியாக வேண்டும். உன் அம்மாதான். ஆபீசில் வேலை செய்பவர்களின் சொந்தக்காரரைச் சேர்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். நாற்பதுக்கு ஒரு ஆள் குறைந்தது. "ஊரே குடுக்குது, அதைப் படிக்கிற பிள்ளையப் பெத்தவ நான் குடுக்கக்கூடாதா?" என்று இருதயம்மாள் அக்கா சண்டைக்கு வந்தார். சேர்த்துவிட்டேன்.

அன்று என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எதுக்குடி எழவு வீட்டுக்காரி மாதிரி உக்காந்திருக்க?" சொன்னேன். "இம்புட்டுத்தானா? எனக்கென்ன காப்பா கீப்பா? என்னுதுலயே எடுத்து ரொப்பு. என் மக பெட்டி நிக்கக்கூடாது." நான்கு நாள் காலையில் கொடுத்தார். நான் ரொப்பினேன். தவறு என்னுடையது. அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஒப்புதல் தாளை நாற்பது பேருக்கும் படித்துக் காட்டியது நான். 'குடலில் உள்ள கிருமிகளை மட்டும் பார்ப்பார்கள்' என்று அதில் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினேன். இன்றைக்கு நீ, இது இன்னாருடைய உடம்பு, இது இன்னாருடையது இல்லை என்கிறாய். யாரைக் கேட்டுப் பார்த்தாய்? குழாயில் நான் பொய் வைத்தேன். நீ என் வாயில் பொய் வைத்துவிட்டாய்.

ராமுத்தாய்


சென்னை
11 செப்டம்பர் 2025

அக்கா,

ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. உங்கள் கடைசி இரண்டு வரியைச் கொஞ்சமாவது மறுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எல்லோரும் குப்பை என்று தள்ளுவதைத்தானே எடுக்கிறோம் என்று நினைத்தேன். குப்பைக்கு யாரிடம் அனுமதி கேட்பது? அது அவர்களுடைய குப்பை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புதல் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். நீங்கள் எழுதியபடியேதான் இருக்கிறது. ஆறு வருடத்தில் அதை இப்போதுதான் முதல் முறையாக முழுதாகப் படிக்கிறேன்.

அம்மாவை எத்தனையோ வரைபடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு புள்ளியாக. தெரியாமலே.

பாதை ஒன்று இருக்கிறது. 'மே மாதப் பெட்டியில் ஐஸ் உருகியதால் அந்தச் சுற்று நீக்கப்பட்டது.' இந்த ஒரு வரி போதும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உங்கள் வேலை தப்பும். என் புதிய முறையைப் பற்றி வாயைத் திறக்காமல் பழைய கட்டுரையை வைத்தே குழுவைச் சமாளித்துவிடலாம். அந்த வரியை எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். இப்போது அது திரையில் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் போகும்போதெல்லாம் ஜன்னலைச் சிறிதாக்கி மறைக்கிறேன். நான்கு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என்ன செய்யட்டும்? அடுத்த வியாழக்கிழமை குழு.

பெனிஷா


காமயகவுண்டன்பட்டி
15 செப்டம்பர் 2025

பெனிஷாவுக்கு,

பெட்டி போகும் நாள் இல்லை. கூரியரில் அனுப்புகிறேன். நேரத்துக்கு வந்து சேர வேண்டும்.

ஐஸ் உருகியது என்று எழுதாதே. மூன்று வருடத்தில் என் பெட்டியில் ஐஸ் ஒரு முறைகூட உருகியதில்லை. சித்திரை வெயிலில் மரத்தூள் கட்டி, ஈரச்சாக்கு சுற்றி, பஸ் ஸ்டாண்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செய்ததைச் செய்தேன் என்று எழுது. செய்யாததை என் மேல் எழுதாதே.

நீ செய்ததையும் எழுது.

ராமுத்தாய்


சென்னை
19 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். ஐந்து பேர் எதிரில். ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். தமிழ் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார். திருவிழா முடிவு உண்மையல்ல, பதினான்கு குழாய்கள் வேறு ஆளுடையவை என்றேன். அந்த ஆள் என் அம்மா என்றேன். எப்படித் தெரிந்தது என்றார்கள். மனித மரபணுவைப் பார்த்தேன் என்றேன். யார் அனுமதித்தார்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். "நான் கேக்கலை சார்."

எனக்கு அந்த ஆய்வு கிடைக்கவில்லை. மார்ச் வரை ஆறு மாதம் மட்டும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அம்மா உட்பட நாற்பது பெண்களிடமும் முழு விவரம் சொல்லிப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். மறுப்பவர்களின் தரவு முழுவதும் அழிக்கப்பட வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவதை வைத்து என் முறை சரியாக வேலை செய்கிறதென்று காட்டினால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

உங்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கள அதிகாரி சொன்னதையும் அட்டவணையையும் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது பேசியிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு வரிசையாக வந்தது. யாரிடம் சொல்வது?

ஒப்புதல் வாங்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நானே போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்டோபர் கடைசியில் வருவேன். நீங்கள் பக்கத்தில் நிற்பீர்களா?

பெனிஷா


காமயகவுண்டன்பட்டி
9 நவம்பர் 2025

பெனிஷாவுக்கு,

இது தபாலில் வருகிறது. பெட்டி இப்போது சுருளிப்பட்டிப் பெண் ஒருத்தியிடம் இருக்கிறது. மரத்தூள் கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் திராட்சை பேக்கிங் ஷெட்டில் இருக்கிறேன். கூலி குறைவு, அட்டவணை கிடையாது.

நீ ஷெட்டில் நின்று பேசிவிட்டுப் போனதிலிருந்து இங்கன அதே பேச்சுதான். முதல் ஐந்து நிமிடம் உன் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சொர்ணலதா, "ஆத்தா, தண்ணி குடிச்சிட்டு ஒறக்கப் பேசு, நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்?" என்றாளே, அப்புறம்தான் வந்தது. மரபணு என்கிற உடம்பு எழுத்து உன்னிடம் இருக்கிறது, கேட்காமல் பார்த்தேன், தப்பு, இஷ்டமில்லை என்றால் ஒரு வார்த்தை போதும், காரணம் சொல்ல வேண்டாம், அழித்துவிடுவேன் என்றாய். நீ மதுரைக்குப் பஸ் ஏறியதும்தான் அவரவர் வாயைத் திறந்தார்கள்.

நான் குழாய் ரொப்பியதைச் சொன்னதற்குத் திட்டு விழுந்தது. "எங்க பேர்ல அடுத்தவ பீயை அனுப்பிட்டாளே பாவி" என்று சொர்ணலதா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே சிரித்துவிட்டாள்.

நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போன ஒப்புதல் தாள் எல்லாம் சேர்ந்துவிட்டது. தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இருபத்தெட்டு பேர் சம்மதம். பன்னிரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் கேட்கவில்லை, நீ சொன்னபடி.

அந்தப் பன்னிரண்டில் முப்பத்தொன்று இருக்கிறது.

நான் அதிர்ந்துவிட்டேன். உன் முறை சரியென்று காட்டுவதற்கு உன்னிடம் இருப்பதே அந்தப் பதினைந்து குழாய்தானே? அதை விளக்கமாகவே சொன்னேன். "அக்கா, நீங்க வேணாம்னா அம்புட்டும் போயிரும். பிள்ளைக்கு மறுபடி மொதல்ல இருந்து. சொல்லிப்புட்டேன்." இருதயம்மாள் அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "அவளுக்கு வேணும்னா என் ஈரக்கொலையக்கூட குடுப்பேன்டி. ஆனா அவ அங்கன நின்னு, வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்னு சொன்னா பாரு. எனக்குக் கல்யாணம் பேசுனப்போ யாரு அப்படிக் கேட்டாக? கர்ப்பப்பைய எடுத்தப்போ யாரு கேட்டாக? ஒருக்கா வேணாம்னு சொல்லிப் பாக்கணும்போல இருக்கு."

காரணம் எழுதக்கூடாது என்றாய். எழுதிவிட்டேன். உனக்கு மட்டும்.

ராமுத்தாய்


சென்னை
18 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தாள்கள் வந்தன. பன்னிரண்டு எண்களையும் இன்று அழித்தேன். ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும். ஜெபா சாட்சியாகப் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த குழாய்களையும் எடுத்து அழித்துவிட்டார்கள். முப்பத்தொன்றைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜெபா போய் டீ வாங்கி வந்தார்.

துறைத்தலைவர் காலையில் வந்து, அம்மாதானே, ஒரு போன் செய்து பேசிப்பார் என்றார். வேறு யாராவது மறுத்திருந்தால் போன் செய்யச் சொல்வாரா என்று கேட்டேன். அவரிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

இனி அந்தப் பதினைந்து குழாய்களைப் பற்றி என்னால் ஒன்றும் எழுத முடியாது. இருபத்தெட்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் குழாய்களை நானே வேண்டுமென்று கலைத்துப்போட்டு, என் முறை கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கப்போகிறேன். மார்ச்சுக்குள் முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். நீங்கள் காரணம் எழுதியதைச் சொல்லவில்லை. "உன்னோடதை அழிச்சிட்டேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

"எதை?"

"எல்லாத்தையும். மூணு வருசத்து டியூபும் கணக்கும். இனிமே யாராலயும் எடுக்க முடியாது."

பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. "அம்மா?" என்றேன்.

"நெசமாவே அழிச்சிட்டியா?" என்றார் அம்மா. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "நான் வேணாம்னு சொன்னதுக்கா?"

பெனிஷா